மி-க்குக் கொஞ்சம் கீழே

எனக்குக் கூர்மையான காது என்று ஊரில் ஒரு பேர் உண்டு. ஊர் என்றால் ரங்கூனில் தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தமிழ்ச் சபையும், நான் வேலை முடிந்து போய்வந்த ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவும்தான். அந்தக் காதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் பெரிதாகத் தெரியாது. ஒரு பெண்ணின் பாட்டைத் திருத்தினேன், அவ்வளவுதான். அந்தப் பெண் என் மனைவி.

சபையில் பாடகர் குழுவை நடத்துவது என் பொறுப்பு. எங்கள் வீட்டில் தாத்தா குமாஸ்தா, அப்பா குமாஸ்தா, நானும் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் அப்பாவுக்கு டோ ரே மி எழுத்து முறையில் பாட்டு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரிடமிருந்து அது எனக்கு வந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் எழுத்து. எழுத்து இல்லாத ஸ்வரம் உலகத்தில் கிடையாது. கடிதத்தில் எழுத்துப் பிழையைக் கண்டால் எனக்கு எப்படி எரிச்சல் வருமோ, பாட்டிலும் அப்படியே வரும்.

மனைவிக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் பேசுவாள், படிக்க வராது. கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுவாள். கல்யாணமான புதிதில், எண்பத்தொன்பதோ தொண்ணூறோ, பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு ஒரு பாட்டைத் தனியாகப் பாட அவளிடம் கொடுத்தேன். அந்தப் பாட்டு மேலேயிருந்து இறங்கி வந்து ‘மி’யில் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவள் ஒவ்வொரு தடவையும் அதற்குக் கொஞ்சம் கீழே போய் நின்றாள். ஆர்மோனியத்தில் அதற்கு அடுத்தாற்போல் கீழே இருக்கும் கறுப்புக் கட்டை வரைக்கும் போகவும் மாட்டாள். இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் நிற்பாள்.

ஒத்திகையில் எல்லார் முன்னாலும் கட்டையை அழுத்தி, “மி, மி” என்றேன். அவளும் தலையாட்டிவிட்டுப் பாடினாள். மறுபடியும் கீழே. நாலாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. “உனக்குச் சுருதி நிக்கமாட்டேங்குது” என்று சொல்லி அந்தப் பாட்டை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

“யபாதே” என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவள் அம்மா வீட்டில் சொல்கிற வார்த்தை. பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டூடியோவில் அப்போது காப்பிப் பாட்டுக் காலம். அமெரிக்க ராக் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, பர்மிய வார்த்தைகளைப் போட்டுப் பாடிக் கேசட் வெளியிடுவார்கள். டீக்கடைக்கு டீக்கடை அதுதான் ஓடும். அசல் கேசட்டைக் கேட்டு மெட்டை எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த அமெரிக்கர்களும் ‘மி’ வருகிற இடத்தில் வழுக்கிக் கீழே போனார்கள். எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது, ஸ்டூடியோவில் எல்லாரிடமும் சொன்னேன். எங்கள் ஊர்க் கரண்ட். வோல்டேஜ் இறங்கினால் டேப் மெதுவாகச் சுற்றும், சுருதி தொங்கிப்போகும். ஆகவே கரண்ட் செய்த கோளாறை நான் பெருந்தன்மையோடு திருத்தி, சுத்தமான ‘மி’ என்று எழுதிக் கொடுத்தேன். வருடக்கணக்கில் எழுதினேன். ரங்கூனில் எத்தனை டீக்கடைகளில் என் திருத்தம் பாடியிருக்குமோ, நினைத்தால் கூசுகிறது.

தன்லியினிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி பஸ்ஸில் வரும் ஒரு கிடார்க்காரன் அங்கே இருந்தான். பர்மியன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான். ஒருநாள் என் தாளைப் பார்த்துவிட்டு, பர்மிய மொழியில் மெதுவாகக் கேட்டான்.

“சயா, வோல்டேஜ் இறங்குனா பாட்டு முழுக்க இல்ல இறங்கணும்? அந்த ஒரு எடம் மட்டும் எப்படி இறங்கும்?”

சயா என்றால் வாத்தியார். அப்படி மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே பேட்டரியில் ஓடும் டேப் ஒன்றை எடுத்துவந்து அதே பாட்டைப் போட்டான். பேட்டரியிலும் அந்த ஸ்வரம் அதே இடத்தில்தான் நின்றது. என் முகத்தில் ஈ ஆடவில்லை. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“அப்ப அந்தப் பாடகனுக்கே சுருதி சரியில்ல” என்றேன். உலகமெல்லாம் கேட்ட பாடகன் அவன்.

கிடார்க்காரன் வாதாடவில்லை. மறுநாள் ஒரு பழைய கேசட்டைக் கொடுத்தான். “ராக்குக்கு, ஜாஸுக்கு எல்லாத்துக்கும் தாய் இந்த ப்ளூஸ்தான் சயா. கேட்டுப் பாருங்க” என்றான். வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன். போட்டது போட்டபடி கிடந்தது. ரோஷம்தான், வேறென்ன.

அந்த வருடங்களில் வீட்டில் வேறொரு வேலையில் மும்முரமாக இருந்தேன். மனைவியின் ‘மி’யைச் சரிசெய்வது. அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே பாடுவாள். முன்னறையிலிருந்து நான் கட்டையை அழுத்துவேன். அவள் நிறுத்திவிட்டு அந்த இடத்தைத் திரும்பப் பாடுவாள். ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. இடையில் அவள் அம்மா இறந்துபோனார். துக்கம் கழிந்த மாதத்திலும் நான் கட்டையை அழுத்தியிருக்கிறேன். கடைசியில் அவளுக்கு வந்துவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டைத் திரும்ப அவளுக்கே கொடுத்தேன். போதகர் கையைப் பிடித்துப் பாராட்டினார், அவளை அல்ல, என்னை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கும் சில வருடங்கள் கழித்து, கிடார்க்காரனுக்குக் கப்பல் ஒன்றில் வாசிக்க வேலை கிடைத்தது. போவதற்கு முன் கேசட்டை வாங்கிப்போக வருவதாகச் சொல்லியனுப்பினான். கேட்காமலே திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம், மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் போட்டேன்.

ஒரு பெண் குரல், ஒரே ஒரு கிடார். மெட்டு இறங்கி வந்தது. வந்து, மி-க்குக் கொஞ்சம் கீழே நின்றது. நான் திரும்பிச் சமையலறையைப் பார்த்தேன். மனைவி எப்போது வந்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கிடார்க்காரன் வந்தபோது அந்த இடத்தைப் போட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். முதல் தடவையாக அவன் நிறையப் பேசினான். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோன ஜனங்களுடைய ஸ்வரம் அது என்றான். முதலாளிகளின் பாட்டைக் கோயிலில் பாடும்போதும் அந்த ஒன்றை மட்டும் அவர்கள் விடவில்லை. பியானோவில் அதற்குக் கட்டை இல்லை. வாசிக்கிறவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து அழுத்தி அதைத் தேடுவார்கள்.

“அவங்க அத விட்டிருந்தா ப்ளூஸ் இல்ல சயா. நாம காப்பியடிக்கவும் ஒண்ணும் இருந்திருக்காது.”

எங்கள் ஜனங்களும் கப்பலில் வந்தவர்கள்தான். ஆனால் என் கையில் எழுத்து இருந்தது, ரப்பரும் இருந்தது. அவனை வழியனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி பையோடு வந்ததும், “அந்தப் பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்ட ஒரு தடவ பாடேன்” என்றேன். “பழைய மாதிரி. நான் திருத்துறதுக்கு முந்தி பாடுவியே, அது மாதிரி.”

விளையாடுகிறேன் என்று நினைத்து முதலில் சிரித்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுப் பாடினாள். மெட்டு இறங்கி வந்து சுத்தமாக ‘மி’யில் நின்றது. மறுபடி பாடச் சொன்னேன். மறுபடியும் மி. மூன்றாவது தடவை அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். தேடிவிட்டு அங்கேயே வந்து நின்றாள், நான் அழுத்திய கட்டையின் மேலேயே.

“வரமாட்டேங்குதுங்க” என்றாள். “அம்மா அவங்க பர்மாப் பாட்டு பாடுறப்போ அங்கதான் நிப்பாங்க. சின்னதுலேருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படியே வரும். நீங்க தப்புன்னு சொன்னீங்க, விட்டுட்டேன்.”

பத்து வருடங்களுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் அது அவள் அம்மாவின் குரல் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் கேட்டதுமில்லை. என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோனாள்.

“ஏங்க, இப்ப சரியாத்தானே பாடுறேன்?” என்று கேட்டாள்.

“சரியாத்தான் பாடுற” என்றேன்.