மூன்று கவளம்

அம்மாவின் கண்ணில் கருமணியைச் சுற்றி இருக்கும் பழுப்பு வளையம் அன்று காணாமல் போயிருந்தது. கண் முழுக்கக் கறுப்பு. கூடத்தில் வெயில் நேராக முகத்தில் விழுந்தும் அவள் கண்ணைச் சுருக்கவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அம்மா என்றால் எனக்கு முதலில் அந்தக் கண்தான் நினைவுக்கு வருகிறது. இதை நினைத்தால் அழுகை வருகிறதா என்று பல தடவை என்னை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். வருவதில்லை. அன்றைக்கும் வரவில்லை.

கரிக்கலாம்பாக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கொடி இறங்கி ஓரிரு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பதினோரு வயது. தம்பி நாலு வயதில் காய்ச்சலில் போய் எட்டு மாதம். அவன் போன பிறகு வீட்டில் யாரும் அவன் பேரை எடுக்கவில்லை. அம்மா சமைத்தாள், நடவுக்குப் போனாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் வீட்டில் இருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்தியிருந்தோம். அது வருத்தம் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நிலையில்தான் வரப்பில் வந்த ஒரு நாய் அம்மாவைக் கெண்டைக்காலில் கடித்தது. நாய்க்கடிக்கு எங்கள் பக்கத்தில் பச்சிலை மருந்து கொடுப்பார்கள். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாங்கி வருபவர், கொடுப்பவர், குடிப்பவர் மூவரும் மூன்று நாளைக்கு மருந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பேசினால் பலிக்காது என்று நம்பினார்கள். கடிபட்ட நாலாம் நாள் விடியலில் அப்பா எங்கோ வாங்கி வந்த சாற்றை அம்மாவுக்குக் கொடுத்தார். சற்று நேரத்தில் அம்மாவின் அண்ணன், என் மாமா, சுத்துக்கேணியிலிருந்து வந்தார். அவரும் மடியில் ஒரு புட்டி வைத்திருந்தார். அப்பா மாடு கட்டப் போன சமயம் பார்த்து அவர் அதைக் கொடுத்தார். அம்மா இரண்டையும் குடித்தாள். முதலில் குடித்ததைச் சொல்லக் கூடாதே, அதனால் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பதற்குப் பழக்கம் வேறு ஆகியிருந்தது.

வெயில் ஏறும்போது அவளுக்கு நாக்கு வறண்டது. தண்ணீர் கொடுத்தால் விழுங்க முடியாமல் துப்பினாள். முகம் சிவந்து, காற்றில் எதையோ பிடித்துப் பிடித்துப் போட்டாள். தண்ணீரைத் துப்பியதுமே வெறி ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்பா வண்டி பூட்டிக்கொண்டு வில்லியனூர் டாக்டரை அழைத்து வரப் போனார். மாமாவும் அக்கம்பக்கத்தாரும் தெருவில் நின்றார்கள். "எச்சில் பட்டா நமக்கும் வந்துடும். கிட்டப் போவாதீங்க" என்று மாமா எல்லோரையும் தடுத்தார். நான் கொல்லைப்பக்கமாக உள்ளே போனேன்.

அம்மா பழைய சோற்றுக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு நெல் கொட்டி வைக்கும் குதிருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "வாடா கண்ணு, இம்மாம் நாளா எங்கடா போயிருந்த? இளைச்சிட்டியேடா" என்று குதிரின் பக்கம் பார்த்துச் சொன்னாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் உயிர் இருந்தது. ஒரு கவளத்தை உருட்டி நீட்டினாள். அது தரையில் விழுந்தது. "இன்னாடா, அம்மா மேல கோவமா?" என்று அடுத்ததை உருட்டினாள். அதுவும் விழுந்தது. அவள் முகம் கலங்க ஆரம்பித்தது.

நான் போய்க் குதிருக்கு முன்னால், அவள் கை நீண்ட இடத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தாள். மூன்று கவளம் தின்றேன். எனக்கும் வெறி பிடிக்கும், நானும் சாவேன் என்று நன்றாகத் தெரிந்துதான் தின்றேன். பயமாக இல்லை. நாலாவதை உருட்டும்போது காலடிச் சத்தம் கேட்டு எழுந்து சுவரோரம் போய்விட்டேன். மாமா வந்து, துண்டால் அம்மாவின் கைகளைப் பின்னால் கட்டினார். "அண்ணே, புள்ள தின்னுனு இருக்குதுண்ணே, வுடுண்ணே!" என்று அவள் கத்தினாள்.

மதியம் தாண்டி டாக்டர் வந்தார். அம்மாவின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா குடுத்தீங்க?" என்று கேட்டார். அப்பாவும் மாமாவும் தரையைப் பார்த்தார்கள். அவள் செத்தாலும் மருந்து பலிக்க வேண்டும் என்பது போல நின்றார்கள். டாக்டர் மறுபடி கேட்டபோது அப்பா, "காலைல ஒரு புட்டி" என்றார். மாமா தலை நிமிராமல், "நானும் ஒரு புட்டி குடுத்தேங்க" என்றார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இது வெறி இல்ல. ஊமத்தைச் சாறு. ரெண்டு மடங்கு உள்ள போயிருக்கு. கட்ட அவுத்து வுடுங்க."

இரண்டாம் நாள் கருமணி சிறுத்தது. அம்மா குதிர் இருந்த இடத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பதினாலு நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு நாள் பஸ்ஸில் என்னிடம், "அவன் வந்தான்டி. மூணு வாய் தின்னான்" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பின்னாளில் நான் கல்லூரியில் உடலியல் சொல்லிக்கொடுத்தேன். மூளையின் பின்புறத்தில்தான் பார்வை உருவாகிறது. அசிட்டைல்கோலின் என்று ஒரு வேதிப்பொருள் அங்கே, கண் அனுப்புகிற செய்திக்கு முதலிடம் வாங்கிக் கொடுக்கிறது. ஊமத்தை அதன் வழியை அடைத்துவிடும். அப்போது வெளியே இருப்பது மங்கி, உள்ளே ஏற்கெனவே இருப்பது எழுந்து முன்னால் வந்து உட்காரும். இதை முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். குரல் ஒரு நாளும் தடுமாறியதில்லை. கருமணி பெரிதாவதும் நாக்கு வறள்வதும் அதே அடைப்பின் வேலை என்று சொல்லி, தேர்வில் கேட்பார்கள் என்றும் சொல்வேன்.

அம்மா கிழவியான பிறகு ஒரு மத்தியானம் அவளிடமும் இதைச் சொன்னேன். முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அவன் வரல. என் மூளையே காட்டிச்சு."

"ஆமாம்மா."

"கண்ணுல பட்டது சரி. என் வெரல்ல பல்லு பட்டுச்சேடி, அது எப்படி?"

அதற்கும் பதில் சொல்லியிருக்கலாம். தொடுவதுபோலத் தோன்றுவதும் மூளையின் வேலைதான் என்று என் புத்தகத்திலேயே இருந்தது. இல்லையென்றால், அது என் பல் என்ற உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மூன்று கவளமும் அவளிடமிருந்து போய்விடும்.

"அது எனக்குத் தெரியலம்மா."

அவள் பொறுக்கிய பயற்றை ஓரமாகத் தள்ளினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு உனக்கும் யாரும் சோறு போடல, இல்லடி?"

"ஆமாம்மா" என்றேன். "பசிச்சுது."