சாமி வில்லுக்கு வாங்கிய பலகை

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம் என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்தனாருக்குத் தீட்டுக் கழிந்துவிட்டது. எனக்குக் கழியவில்லை. மூலையில் பாயைப் போட்டு உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். கல்லுக்காவது வெயில் பட்டால் சூடேறும்.

மூலைக்கு எதிர்ச்சுவரில் ஒரு பலகை சாத்தியிருந்தது. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சரஸ்வதி பூசைக்கு மறுநாள் சாமி குதிரை வாகனத்தில் புறப்படும். பூசாரி சாமியின் பேரில் வாழைமரத்தின் மேல் அம்பு விடுவார். அதற்கு வருடா வருடம் புது வில் செய்து கொடுப்பது எங்கள் வீட்டு முறை. எப்போதும் மூங்கில்தான். முந்தின வருடம் மூங்கிலை வண்டு அரித்துவிட்டதால், இந்தத் தடவை இவர் பெரம்பலூர் மரக்கடைக்குப் போய், ஜன்னல் சட்டத்துக்கு வைத்திருந்த பலகைகளைப் புரட்டிப் புரட்டி, ரேகை நேராக ஓடுகிற ஒன்றைப் பொறுக்கி பஸ் மேல் போட்டுக்கொண்டு வந்தார். பென்சிலால் கோடு போட்டதோடு படுத்துவிட்டார்.

பகல் முழுக்க அந்தக் கோடு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பக்தி கிக்தி எல்லாம் இல்லை. ஒரு நாள் அரிவாளை எடுத்துக் கோட்டை ஒட்டிச் செதுக்க ஆரம்பித்தேன். அவர் செதுக்கும்போதெல்லாம் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு பார்த்தவள்தானே.

தாலியறுத்தவள் கை பட்டது தெரிந்தால் கோயிலில் வாங்க மாட்டார்கள். தெரியாமலே போய் அங்கே முறிந்தால் இன்னும் மோசம். ஊருக்கு ஆகாது என்று சொல்லி, முறையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவருக்கு இருந்த ஒரே கௌரவம் அது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பயம்கூட வரவில்லை.

வில்லின் இரண்டு பக்கத்தையும் 'கை' என்றுதான் அவர் சொல்வார். நடுவில் கயிறு போட்டு வில்லை விட்டத்தில் கட்டினேன். பருத்தி நூலை முறுக்கி நாணாக்கி, அதில் வாளியைத் தொங்கவிட்டுச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். வாளி இறங்க இறங்க இரண்டு கையும் ஒன்றுபோல வளைய வேண்டும். இடக்கை வளைய மாட்டேன் என்று நின்றது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, விறைத்த கையை மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். மறுபடி கட்டினேன், ஊற்றினேன். அவரைப் போலவே தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். விரலில் ரத்தம் வழிந்ததைத் தரையில் சொட்டிய பிறகுதான் கவனித்தேன்.

கொழுந்தனார் டெய்லர். ஊசியைத் தவிர எதையும் பிடித்தறியாதவர். வில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணி, நான் செஞ்சதாச் சொல்லிடுறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

"நான் எங்க தம்பி தொறந்தேன்?" என்றேன்.

சாமி புறப்படுகிற அன்று வில்லுக்கு மஞ்சள் பூசி எடுத்துப் போனார். நான் போகக்கூடாது. சாயங்காலம் தூரத்தில் மேளம் நின்றது. அம்பு விடும்போது மட்டும்தான் நிற்கும். பிறகு ஒரே கூச்சல். முறிந்ததா, பாய்ந்ததா என்று கூச்சலை வைத்துச் சொல்ல முடியவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

கொழுந்தனார் ஓடி வந்தார். வில் கொடுத்தவருக்குக் கோயிலில் கட்டும் பரிவட்டத் துணி தலையில் இருந்தது. அதை அவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

"அம்பு வாழையத் தொளைச்சுக்கிட்டு அந்தாண்ட போயிருச்சு அண்ணி! அண்ணன மாதிரியே செஞ்சிருக்கடான்னு பூசாரி கட்டிப் புடிச்சுக்கிட்டாரு."

"ரெண்டு கையும் ஒண்ணுபோல வளைஞ்சுச்சா தம்பி?"

அவர் விழித்தார். "அதெல்லாம் யாரு அண்ணி பாக்குறா?"

யாரும் பார்க்கவில்லை. பார்க்கிற ஆள் ஆடியிலேயே போய்விட்டார். அந்தப் பரிவட்டத் துணியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.