இரண்டு ஸ்போர்ட்ஸ் செடான், ஒரு தூக்கம்

இரண்டு ஸ்போர்ட்ஸ் செடான்களுக்கு நடுவே நான் அல்லாடிக்கொண்டிருப்பது இந்த கார் குழுவில் எல்லோருக்கும் தெரியும். சிவப்புக்கு இன்ஜின் வலு அதிகம். நீலத்தில் கண்ணாடிக் கூரை உண்டு, விலையும் கொஞ்சம் குறைவு.

இன்று காலை இரண்டையும் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கே வரவழைத்து ஓட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் என் மனைவி ரேவதி. ஏழாம் மாதம். சில வாரங்களாகவே அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

தோப்பும்படி பாலத்தில் சிவப்பு பறந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பதுக்கெ, மெதுவா போங்கோ, வயிறு குலுங்கறது" என்றாள் ரேவதி.

நீலத்தில் ஏறியபோது மழை தூறத் தொடங்கியது. மசாலாக் கிடங்குகளைத் தாண்டும்போது சுக்கு வாசனை உள்ளே வந்து தங்கிவிட்டது. கூரைக் கண்ணாடியில் துளிகள் மெல்ல ஊர்ந்தன.

"சாரே, ஸ்போர்ட் மோட் நோக்கண்டே?" என்று, அதையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லி, பக்கத்து சீட்டில் இருந்த விற்பனைக்காரர் கேட்டார்.

முன்னாலிருந்த ரியர்வியூ கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். "சேட்டா, அவ தூங்கறா."

அவர் திரும்பிப் பார்த்தார். ஸ்டீரியோவில் ஓடிய பாட்டை நிறுத்தினார். ஷோரூமுக்கு போன் செய்து, வண்டி வரத் தாமதமாகும் என்று கிசுகிசுத்தார்.

ஃபோர்ட் கொச்சி கடற்கரை வரை போனோம், திரும்பினோம், மறுபடியும் போனோம். சைக்கிள்கள் எங்களை முந்தின. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. பெட்ரோல் தீரும்வரை இப்படியே போகலாம் போலிருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் ரேவதி கண் விழித்தாள்.

"அதுக்குள்ள வந்தாச்சா?"

நீலத்தையே புக் செய்துவிட்டேன். அது நூறு கி.மீ. வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நான் இருபதையே தாண்டவில்லை. ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்.