நாங்க நாகமானியராக்கும்

மகள் காதலித்த பையன் மலையாளக் கிறிஸ்தவன். கல்யாணத்தில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அழைப்பிதழில்தான் இடித்தது. திருவனந்தபுரத்து வழக்கப்படி அப்பா பேரோடு, பரம்பரையைச் சொல்லும் வீட்டுப் பேரும் அச்சாக வேண்டும். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் நாங்கள் வீட்டுப் பேருக்கு எங்கே போவது?

"அந்த இடம் காலியாக் கெடந்தா, வழியில வந்த கூட்டம்னுல்லா நினைப்பான்" என்று என் கணவர் புலம்பித் தீர்த்தார். ஆபீஸில் மலையாளிகள் தமிழனை இளக்காரமாகப் 'பாண்டி' என்று கூப்பிட்டதைக் காலமெல்லாம் சிரித்தே மழுப்பியவர். அந்த வலி எனக்குத் தெரியும்.

பையன் வீட்டார் ஒரு தமிழ் பைபிள் கொடுத்திருந்தார்கள். அதில் எண்ணாகமம் என்ற பகுதியைப் புரட்டினால் வம்சம் வம்சமாகப் பேர்கள். ஒரு நாள், "ஏட்டி, கெடச்சாச்சு!" என்று இவர் கூவினார். 'நாகமானியரின் குடும்பம்' என்று இருந்தது. இவருக்கு அது நாகமணியாகவும் நாகர்கோவிலாகவும் பட்டுவிட்டது. "நம்ம ஊருதான்ட்டீ. நாங்க நாகமானியராக்கும்."

தலையில் அடித்துக்கொண்டேன். சம்பந்தியிடம் உளறிவைக்காதீர்கள் என்றேன். கேட்டால்தானே!

சம்பந்தி இறையியல் கல்லூரியில் எபிரேயம் கற்பித்தவர். ஞாயிற்றுக்கிழமை அழைப்பிதழ் மாதிரியோடு வந்து, "வீட்டுப்பேரு எந்தா எழுதணும்?" என்றார். இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியே விட்டார்.

சம்பந்தி சிரிக்கவில்லை. "அதில நாகமும் இல்லை, மணியும் இல்லை, கேட்டோ. எபிரேயத்தில இனிமையானவன்னு அர்த்தம்."

"இனிமையா? இந்த மனுஷனா?" வாய் தவறி வந்துவிட்டது. இவர் முகம் சுண்டிப்போனதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாவம்.

"அப்போ மத்த வம்சமெல்லாம் பெரிய பேராக்கும்?" என்றார் இவர் மெல்ல.

"ஐயோ, அதே பட்டியல்ல தோலாவியர்னு ஒரு வம்சம், தோலான்னா புழு! தோலான்னு ஒரு ஆளு இருந்தான், அவன் பிள்ளைகள் தோலாவியர். நாகமான்னு ஒரு அப்பன், அவன் பிள்ளைகள் நாகமானியர். அவ்வளவே உள்ளு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் பேனாவை எடுத்தாள். வீட்டுப் பேருக்கு விட்டிருந்த இடத்தில் அப்பாவின் பேரை எழுதி, பக்கத்தில் 'வீடு' என்று சேர்த்தாள். "எங்க வம்சம் இங்கேருந்துதான்" என்றாள்.

இவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் பெரிய எழுத்துல போடச் சொல்லு, மக்களே."