கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஓசை

நஞ்சைக் கண்டத்தில் நிறுத்திய பெருமானே, சொல்ல வேண்டிய சொல் என் தொண்டையிலேயே நின்றுவிடாதபடி அருள்வாய்.

இன்று பங்குனி உத்திரம். அம்மையப்பருக்குத் திருக்கல்யாணம் கண்ட நன்னாள். செஞ்சி மலையடிவாரக் கோயிலுக்கு என் மகளையும் நாத்தனாரையும் அழைத்துச் சென்றிருந்தேன். கணவனின் அடி பொறுக்காமல் மகள் என்னிடம் திரும்பி வந்து ஈராண்டு ஆகிறது. உடம்பில் இப்போது தழும்பு இல்லை. ஊரைப் பொறுத்தவரை அவள் தேறிவிட்டாள்.

தீபாராதனை காட்டினார்கள். மணி முழங்க, கூடி நின்றவர்கள் அனைவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பட்பட்டென்று அவ்வோசை எழுந்ததும், என் மகள் முழங்கையால் முகத்தை மறைத்துத் தூணோடு ஒடுங்கினாள். பிழை பொறுக்கும்படி இறைவனை வேண்டும் ஓசை அது. ஆயுள் முழுதும் நான் கேட்டு உருகியது. அவள் காதில் வேறொன்றாக விழுகிறது.

"சாமிகிட்ட இன்னாடி பயம்? அவரா உன்ன அடிச்சாரு?" என்று நாத்தனார் சிரித்தாள்.

"மன்னிச்சிடுங்க அத்த."

இந்தச் சொல் எனக்கு அலுத்துவிட்டது. பால் பொங்கினால் மன்னிப்பு. கரண்ட் போனாலும் மன்னிப்பு. எந்தப் புடவை வேண்டும் என்று கேட்டால், "நீயே சொல்லும்மா."

பிரகாரத்தில் அமர்ந்ததும் நாத்தனார் தொடங்கினாள். "அவன் ஆள் அனுப்பியிருக்கான் அண்ணி. இப்ப குடிக்கிறதில்லியாம். நல்ல நாளு, இன்னிக்கே அனுப்பிவுட்டுடலாம். ரெண்டு வருசமா ஒரு அடி வுழல, இன்னும் இன்னா டென்ஷன் இவளுக்கு?"

மகள் என்னைப் பார்த்தாள். "போவணுமாம்மா? நீ சொன்னா போறேன்."

போகாதே என்று சொல்ல நா எழுந்தது. சொன்னால், அதுவும் ஒரு கட்டளையாகத்தான் அவளுக்குள் இறங்கும். என்னை ஆட்கொள்வாய் என்று நாள்தோறும் இறைவனிடம் இறைஞ்சுபவள் நான். ஒரு மனிதன் என் மகளை ஆட்கொண்டு விட்டுச்சென்ற மிச்சத்தைக் கண்டு பல்லைக் கடித்தேன்.

"உனக்குத் தோணுறதச் சொல்லு" என்றேன்.

நாத்தனார் பொறுமையிழந்து எழுந்தாள். "ஆட்டோ நிக்குது. எங்க போவணும்னாவது வாயத் தொற!"

"வூட்டுக்கு."

"எந்த வூட்டுக்குடி?"

"எங்கம்மா வூட்டுக்கு."

குரல் நடுங்கியது, சொல் உடையவில்லை. மகிழ எனக்கு ஒரு மூச்சு நேரம்கூடக் கிடைக்கவில்லை. அதற்குள், "மன்னிச்சிடுங்க அத்த" என்று சேர்த்துவிட்டாள்.

இதைப் படிப்போர் யாவரும் நலமுற்று வாழ்க. உங்கள் இல்லத்தில் உயரும் கை ஒவ்வொன்றும் தொழுவதற்கே உயர்க.