ராமாமிர்தத்திடம் கொடுத்து வைத்த பணம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் ராமாமிர்தத்திடம் ஒன்றைக் கொடுத்தால் கொடுத்தபடியே திரும்பி வரும். படகுக்காரர்கள் மீன் விற்ற பங்குப் பணம் கைக்கு வந்ததும் நேராக அவரிடம்தான் வருவார்கள். வட்டி கிடையாது, கூலி கிடையாது. அவர் வீட்டு பீரோவில் ஆளுக்கொரு துணி முடிச்சு இருக்கும். ஒரே ஒரு சட்டம்தான். திருப்பிக் கேட்டால், "எதுக்கு?" என்பார். பதில் சரியில்லை என்றால், "நாளைக்கு வா" என்பார். சாராயத்துக்குப் போகவேண்டிய பணம் எத்தனையோ முறை அந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்து அரிசியாகவும் பள்ளிக்கூட பீஸாகவும் மாறியிருக்கிறது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவருடைய தங்கை அமராவதியின் மகள் இளவரசிக்குச் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் பிள்ளை. ப்ளஸ் டூ லீவில் மஞ்சக்குப்பத்து ஜெராக்ஸ் கடையில் கால் கடுக்க நின்று கொஞ்சம் பணம் சேர்த்திருந்தாள். அதை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. ஹாஸ்டல் பெட்டியில் வைத்தால் காணாமல் போகும். பேங்கில் போடுகிறேன் என்றாள் இளவரசி. அமராவதி ஒத்துக்கொள்ளவில்லை. முன்பு ஒருமுறை, கணக்கில் பணம் குறைவாக இருக்கிறது என்று சொல்லி, அமராவதி போட்டு வைத்திருந்த கொஞ்சத்தையும் பேங்கில் பிடித்துக்கொண்டார்கள். அந்த எரிச்சல் அவளுக்கு.

"ஊரே மாமாகிட்ட குடுத்து வெக்குது. ஒனக்கு மட்டும் இன்னாடி பேங்கு?"

இளவரசி பணத்தைக் கொடுத்தாள். ராமாமிர்தம் புதுத்துணியில் முடிந்து வைத்தார்.

ஹாஸ்டலிலிருந்து முதல் தடவை போனில் பணம் கேட்டாள். வழக்கம்போல எதற்கு என்றார். செருப்பு அறுந்துவிட்டதாம். தைத்துப் போடக் கூடாதா என்று கேட்டார், தைத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த தடவை, கூடப் படிக்கிற பெண்களோடு பிச்சாவரம் போக. நம்ம ஊரில் பார்க்காத தண்ணியா என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஐஸ் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

செமஸ்டர் பரீட்சை நடக்கும்போது இளவரசி எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள். அண்ணனும் தங்கையும் பஸ் பிடித்து ஓடினார்கள். லேடி டாக்டர் அமராவதியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மாதாமாதம் தூரமாகும்போது ரத்தம் அதிகமாகப் போய், உடம்பில் ரத்தமே குறைந்திருக்கிறது; முதலிலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும்.

ராமாமிர்தம் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"காசு ஒன்னோடதுதாம்மா. ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"எதுக்குன்னு கேப்பீங்களே மாமா. இதப் போயி உங்ககிட்ட எப்டி சொல்றது?"

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?" என்றாள் அமராவதி.

"நீயும் மாமாகிட்டதான கேக்கணும்."

அவர் வெளியே போய் டீ வாங்கினார். குடிக்காமலே வைத்துவிட்டு வந்தார்.

உடம்பு தேறியதும் துணி முடிச்சோடு அவரே அவளை ஒரு பேங்குக்குக் கூட்டிப்போனார். படிக்கிற பிள்ளைகளுக்கு, இவ்வளவு பணம் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத கணக்கு இருக்கிறது என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். கார்டு அவள் கையிலேயே இருக்குமாம். யாரிடமும் காரணம் சொல்லவேண்டாமாம். இதை முன்னாலேயே ஒரு எட்டு வந்து விசாரிக்கத் தனக்குத் தோன்றவில்லையே என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார்.

விட்டுப்போன பரீட்சைகளை இளவரசி அடுத்த முறை எழுதிப் பாஸானாள். ஆனால் கடைசி வருஷம் வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனி, ஒருமுறைகூட அரியர் வைக்காதவர்களை மட்டும்தான் உள்ளே கூப்பிட்டது. அவள் வெளியே நின்றுவிட்டு வந்தாள். அதைப் பற்றி மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமராவதிதான் சொன்னாள்.

இப்போது இளவரசி குறிஞ்சிப்பாடியில் வாழ்க்கைப்பட்டு, ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. ராமாமிர்தம் ஐஸ் கம்பெனி முழுக்க லட்டு கொடுத்துவிட்டு, பேத்தியைப் பார்க்க ஓடினார். மூக்கு தன் மூக்குதான் என்று அடித்துச் சொன்னார். புறப்படும்போது சட்டைப்பையில் இருந்ததை அப்படியே எடுத்து இளவரசியின் கையில் வைத்தார்.

"எதுக்கு மாமா?" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"எதுக்கா இருந்தா இன்னாம்மா" என்றார். "வெச்சிக்கோ."