கீறல் படாத கத்தி

அடுப்புச் சாம்பலை ரைலாதான் அள்ளிக்கொண்டிருந்தாள். பின்லாந்தின் வடகோடியில், லாப்லாந்தின் காட்டுக் குடிசையில் தங்கிப் புறப்படுகிறவர்கள், அடுத்து வருகிறவருக்காக அடுப்பைச் சுத்தம் செய்து, விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போக வேண்டும். சாம்பல் உனக்கு, விறகு எனக்கு என்று அவள் புருஷன் ஒஸ்மோ நேற்றே வேலையைப் பிரித்துவிட்டான்.

ஒஸ்மோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை. காளான் பறிக்கக்கூடக் காட்டுப் பக்கம் போகாதவனுக்கு, முழங்கால் வலி வந்த பிறகு காட்டு ஞானம் வந்தது. தாடிக்காரர்கள் கத்தியால் விறகு பிளக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, தானும் தாடி வளர்த்தான். பிறகு ஒரு கத்தி வாங்கினான். கசாப்புக் கடைக்காரரே ஒதுங்கி நிற்கும் தடிமன். கத்திக்குத் தோலுறை, தோலுறைக்கு மெழுகு, மெழுகு தேய்க்க ஒரு தனித் துணி.

வெளியே மழை. அடுப்பருகே பிர்ச் மரக் கட்டையை நிறுத்திவைத்துக்கொண்டு ஒஸ்மோ உட்கார்ந்தான்.

"கோடாரி கொட்டகையிலதான் மாட்டியிருக்கு, ஒஸ்மோ."

"கோடாரியால எவன் வேணா பிளப்பான். கோடாரி இல்லாத எடத்துல மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா அப்ப பாத்துக்கலாம். இப்போதைக்குக் கதவத் திறந்தா கொட்டகை."

அவன் கை மேஜைக்கு நீண்டது. அங்கே காலையில் ரொட்டி அறுத்த கத்தி கிடந்தது. ரைலாவின் அப்பாவுடைய பூக்கோ, அந்த ஊர் ஆண்கள் இடுப்பில் செருகுகிற சின்னக் கத்தி. அவர் இடுப்பில் வாழ்நாள் முழுக்கத் தொங்கியது. அவர் போன பிறகு வீடும் படகும் தம்பிகளுக்குப் போயின. கத்தி மட்டும் போதும் என்று இவள் வாங்கிக்கொண்டாள்.

"அத எடுக்காத. மீன் அறுக்கற கத்தி அது. பிடிக்குள்ள எலிவால் மாதிரிதான் இரும்பு போகுது. தட்டினா ஒடிஞ்சிடும்."

"எங்கிட்டயே பாடமா? அந்தக் காலத்து எஃகும்மா. உங்கப்பாவையே நீ நம்பலேன்னா எப்படி?"

அலகைக் கட்டையின் தலையில் வைத்து, இன்னொரு கட்டையால் அதன் முதுகில் தட்டினான். விறகு பிளந்தது. "பாத்தியா!" என்றான். பென்சில் கனத்துக்கு இரண்டு குச்சி விழுந்திருந்தன. இந்த வேகத்தில் பிளந்தால் அடுத்து வருகிறவர் காப்பி போட கிறிஸ்துமஸ் ஆகிவிடும்.

அடுத்த கட்டையை நிறுத்தினான்.

"அதுல கணு இருக்கு."

"கணுவுக்கும் ஒரு கோணம் இருக்கு, ரைலா. தெரிஞ்சவன் அடிக்கணும்."

தெரிந்தவன் அடித்தான். அலகு பாதியில் சிக்கியது. பிடியை முறுக்கி, வெளியே நீட்டியிருந்த முனையில் ஓங்கிப் போட்டான். முள் ஒடிகிற மாதிரி சின்னச் சத்தம். பிடி அவன் கையோடு வந்தது. அலகு கட்டையிலேயே நின்றது.

"பெர்கெலே!" என்று கட்டையைத் திட்டினான். பிறகு பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உள்ள துருப்பிடிச்சிருக்கு. எப்படியும் ஒருநாள் போயிருக்கும். நல்லவேளை, நீ ரொட்டி அறுக்கறப்ப போகல."

ரைலா சாம்பல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்து பிடியை வாங்கினாள். அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த பள்ளத்தில் அவள் விரல் போய் உட்கார்ந்தது. அவன் இடுப்பைப் பார்த்தாள். மெழுகு மினுங்கும் உறைக்குள் புதுக்கத்தி பத்திரமாக இருந்தது.

"விறகு பிளக்கத்தான அத வாங்கின? அத ஏன் எடுக்கல?"

ஒஸ்மோ தாடியைத் தடவினான். அறையைச் சுற்றிப் பார்த்தான். மூலையில் இருந்த தண்ணீர் வாளி கண்ணில் பட்டது. இதுவரை ஒரு வாளி தண்ணீர் எடுத்துவராதவன், அதைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடைக்குக் கிளம்பினான்.

வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. வாசல்வரை தரையெல்லாம் சிந்திக்கொண்டே போனான்.